கோலும் கையுமாய்

கிப்ஸ்லாந்து, விக்டோரியா
ஜூலை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் அவளும் பாப்பாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். போனை எடுத்தால் பாப்பா முகம் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது, நான் சொல்ல வந்தது நின்றுபோகிறது.

இங்கே இப்போது குளிர்காலம். விடிகாலை 4.30-க்கு நான் பால் கறக்கப் போகும்போது உங்களுக்கு நடுராத்திரி 12 மணி. உறைந்த புல் பூட்ஸுக்கடியில் நொறுநொறுவென்கிறது. கட்டுத்தரையே கிடையாது அம்மா, இந்தக் குளிரிலும் மாடுகள் ராத்திரி முழுக்க வெளியில்தான். காலையில் ராட்டினம்போலச் சுற்றும் மேடையில் ஏறி நிற்கும். ஒரு சுற்று வருவதற்குள் மெஷின் கறந்துவிடும், தானாகவே இறங்கிப் போகும். மொத்தம் 300 மாடு.

நம் மயிலை வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறந்தாலே நீங்கள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்வீர்கள். இங்கே லாரி வந்து டேங்க் டேங்காகப் பாலை ஏற்றிப் போவதை முதல் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு நாளும் அப்படிக் கண்ணை மூடியதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இது ஈத்துக் காலம். போன செவ்வாய் ராத்திரி ஒரு தலையீத்து மாடு நோவெடுத்துப் படுத்துவிட்டது. கன்றின் ஒரு முன்னங்கால்தான் வெளியே தெரிந்தது, இன்னொன்று மடங்கி உள்ளே சிக்கியிருந்தது. அப்பா இருந்தபோது சொல்வாரே, இழுக்காதே, முதலில் உள்ளே தள்ளு என்று. அப்படியே தள்ளினேன். கர்ப்பப்பை கிழியாமல் குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு காலை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். அரைமணி நேரம் சேற்றில் முட்டி போட்டிருந்தேன். கன்று விழுந்து தலையை உதறியதும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டே வந்துவிட்டது. என்ன சொன்னாய் என்றார் பண்ணைக்காரர். நன்றி சொன்னேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து வேதத்தில் ஆதியாகமம் 32-ஐ எடுத்துப் படித்தேன். "நான் எவ்வளவேனும் பாத்திரன் அல்ல, நான் கோலும் கையுமாய் இந்த யோர்தானைக் கடந்துபோனேன்" என்கிறார் யாக்கோபு. அவரும் மாடு, ஆடு மேய்த்தவர்தானே. கருங்கல்பாளையம் சந்தையில் அப்பா எருமையை விற்றுக் கொடுத்த பணத்தில் கிளம்பி வந்தவன் நான். முதலில் சேர்ந்த இடத்தில் 6 வாரக் கூலி வரவே இல்லை. அப்போது இங்கத்துச் சபையில் ஒரு பாட்டி ஞாயிறுதோறும் சாப்பிடக் கூப்பிட்டார், இந்த வேலையும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. இதில் என் சாமர்த்தியம் என்று எதைச் சொல்ல? எல்லாம் கர்த்தர் கொடுத்தது, ஒவ்வொருவர் கையில் கொடுத்து அனுப்பியது.

அந்தப் பாட்டியிடம் நம் ஈரோட்டு பிரப் ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன். 1930-களில் அதைக் கட்டிய மிஷனரி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் என்றதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், நம் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். ஸ்தோத்திரக் காணிக்கையாகப் போட்டுவிடுங்கள். கவரில் பேர் எழுத வேண்டாம், ஆலயத்தில் வாசிக்கவும் வேண்டாம் என்று ஆயரிடம் சொல்லுங்கள். பண்டிகை ஏலத்துக்கு நீங்கள் எப்போதும் கொடுக்கிற விரலி மஞ்சளையும் மறக்காமல் கொடுங்கள்.

மயிலை ஈன்றதும் சீம்பாலில் முதல் சொம்பு ஆயர் வீட்டுக்குப் போகட்டும், வழக்கம்போல. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது அதற்கு? மடி இறங்கிவிட்டதா?

உங்கள் மகன்