எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குளியலறை

சென்னை - 81

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. "வடசென்னை ஜனங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாதும்மா, அதனால்தான் 2020-ல் அங்கே அப்படிப் பரவிச்சு" என்றாய். பொது சுகாதாரம் படிக்கிற பிள்ளை நீ. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பிறந்த ஸ்டோர் வீடு நினைவிருக்கிறதா? எட்டுக் குடித்தனம், ஒரே குளியலறை. கொரோனா வந்தபோது, நாம் முன்பு இருந்த போர்ஷனில் ஒரு லோடுமேன் குடும்பம் இருந்தது. ஏப்ரல் 26-லிருந்து நான்கு நாள் முழு ஊரடங்கு என்று சொன்னதும், 25-ஆம் தேதி கோயம்பேடு காய்கறிச் சந்தையில் ஊரே திரண்டது. மூட்டை இறக்கப் போகாவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இல்லை, அவர் போனார். மே 5-ல் சந்தையை மூடினார்கள். அதற்குள் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரைக்கும் தொற்று போய்ச் சேர்ந்துவிட்டது.

அவருக்கும் காய்ச்சல் வந்தது. தனியாக இருங்கள் என்றார்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர், எங்கே தனியாக இருப்பது? அவர் மனைவி குறுக்கே பழைய சேலையைக் கட்டித் திரை போட்டாள். குளியலறைக்கு மற்ற வீட்டு வாசல்களைத் தாண்டித்தான் போகணும். அதனால் விடிகாலை நாலு மணிக்கு, யாரும் எழுந்திருக்கும் முன்னே போய், திரும்பும்போது கதவுப் பிடியிலிருந்து தரை வரை பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருவார். காய்ச்சல் உடம்போடு. இவருக்கா கட்டுப்பாடு இல்லை என்கிறாய்?

அந்த ஜூலையில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்களே, படித்திருப்பாய். சென்னையில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல், மாதவரத்தில் 10-க்கும் கீழே. கிருமி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், வீடுகளின் நெருக்கம்தான் வேறு.

அப்புறம் 2021 மே. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. நான் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினேன். கட்டில் போட இடம் இருந்தது, ஆக்சிஜன்தான் கணக்கு. சாதாரண மாஸ்க்குக்கு நிமிஷத்துக்கு ஐந்து, பத்து லிட்டர் போதும். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹைஃப்ளோ கருவியைப் போட்டால் ஒருவருக்கே 60 லிட்டர் வரை இழுக்கும். கட்டில் வாங்கிப் போட்டுவிடலாம் பாப்பா, குழாயில் அழுத்தம் வேண்டும், ராத்திரி மூன்று மணிக்கு அதைப் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும். அன்றைக்கு எங்கள் வார்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, நான்தான் உருவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இதில் ஒன்றை நீ கவனிக்கணும். ஆக்சிஜன் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கே போனார்? அதே ஒற்றை அறைக்கு, அதே குளியலறைக்குத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை குறைந்தால் ஸ்டோர் வீட்டில் இன்னும் நாலு பேர் படுப்பார்கள். முதல் அலையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டதும், கல்லூரி விடுதிகளில் படுக்கை போட்டதும் இதனால்தான் பயன்பட்டது. வீட்டில் இல்லாத தனி இடத்தை விடுதியில் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் சர்வேக்குப் போகிறேன் என்றாயே. முகக்கவசம் போடுகிறீர்களா என்ற கேள்வி இருக்கட்டும். அதற்கு முன்னால், குளியலறை எத்தனை வீட்டுக்கு, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேள். வாசலில் நின்று கேட்காதே, உள்ளே போய் உட்கார்ந்து கேள்.

மோர்மிளகாய் பார்சலில் போட்டிருக்கிறேன். வந்ததும் போன் பண்ணு.

அம்மா