கக்கூஸ் தொழிற்சாலைப் படமும் உன்னுடைய நாடகமும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய முதல் காட்சியை வாசித்தோம். கோயில் நிர்வாக சபைக் கூட்டம், தேர் அன்றைக்கு மோர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று தொடங்கி, சபையின் விதிகளை எழுதி வைத்த யாப்பில் எத்தனையாம் பிரிவு என்ன சொல்கிறது என்று போய் நிற்கிற சண்டை. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பொருளாளர் வாயைத் திறக்கிற இடங்களில் மட்டும் ஏதோ நெருடியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

கடைசியில் நீ கேட்டிருந்தாய், பழைய ஆங்கிலப் பகிடிப் படங்களில் எதைப் பார்க்கலாம், அந்தக் 'கேரி ஆன்' வரிசையை எல்லாம் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்க முடியுமா, கூச்சமாக இருக்காதா என்று. அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நெருடலின் காரணமும் பிடிபட்டது. ஆகவே இரண்டுக்கும் ஒரே கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இந்த வரிசையில் 1958 முதல் 1978 வரை முப்பது படங்கள், பிறகு 1992இல் கொலம்பஸை வைத்து ஒன்று. எல்லாவற்றுக்கும் இயக்குநர் ஜெரால்ட் தாமஸ், அந்தக் கடைசிப் படம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர் பீட்டர் ரோஜர்ஸ். அதே நடிகர் கூட்டம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில், ஒரு தடவை பொலிஸ் நிலையத்தில், ஒரு தடவை ரோமாபுரியில் என்று இடம் மாறி மாறி அதே கூத்தைப் போடும். நல்லது எது என்று கேட்டால் கிளியோபாட்ராவை வைத்து எடுத்ததையும் 1968இல் வந்த கைபர் கணவாய்ப் படத்தையும்தான் எல்லோரும் சொல்வார்கள். கைபர் படத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் மை பூசிக்கொண்டு இந்தியர்களாக வருவார்கள், உன் கூச்சத்தை அதற்கு வைத்துக்கொள். நான் சொல்ல வந்தது அவை இரண்டும் இல்லை. 1971 டிசம்பரில் வந்த 'கேரி ஆன் அட் யுவர் கன்வீனியன்ஸ்'. வரிசையில் வசூலில் முதன்முதலாக விழுந்த படம் இது. பாதி சகிக்காது. மற்றப் பாதியை நான் டிவியில் எப்போது போட்டாலும் பார்ப்பேன், அம்மாவிடம் கேள்.

கதை கக்கூஸ் பீங்கான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நடக்கிறது. முதலாளி கென்னத் வில்லியம்ஸ், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பேசுவாரே அவர். பாத்திரத்தின் பெயரே டபிள்யூ. சி. பொக்ஸ், முதலெழுத்தும் பெயரும் இரண்டுமே ஆங்கிலத்தில் கக்கூஸ்தான், பகிடியின் தரம் உனக்கு விளங்கியிருக்கும். சிட் ஜேம்ஸ் ஃபோர்மன், வீட்டில் அவருடைய மனைவியாக ஹாட்டி ஜாக்குஸ், வேலை எதுவும் செய்யாமல் ஒரு கூண்டுக் கிளிக்குப் பேச்சுப் பழக்கிக்கொண்டிருப்பார். கிளி பேசாது. ஆனால் குதிரைப் பந்தயப் பட்டியலை வாசித்தால் வெல்லப்போகிற குதிரையின் பெயருக்குச் சரியாகக் கீச்சிடும். மூக்கில் விரலை வைக்காதே, அந்தக் கிளிக் காசில் ஆயிரம் பவுனைத்தான் கடன் கொடுத்து ஃபோர்மன் கடைசியில் கம்பெனியைக் காப்பாற்றுகிறார், வங்கி கையை விரித்த பிறகு.

இதுவரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை யூனியன்காரன் விக் ஸ்பானர், நடித்தவர் கென்னத் கோப். இவன் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் விசிலடித்து ஆட்களை வெளியே கூட்டிப்போவான், உள்ளூரில் கால்பந்தாட்டம் என்றாலும் அன்றைக்கு ஒரு வேலைநிறுத்தம். அவன் பின்னால் ஒரு மந்தபுத்திக்காரன், பெர்னார்ட் பிரெஸ்லா. தொழிற்சங்கம் என்றால் அந்தப் படத்தில் இந்த இரண்டு பேர்தான். ஒருவன் சோம்பேறி, மற்றவன் மடையன். பின்னால் நிற்கிற மற்றவர்களுக்கு வெளியே போவதும் உள்ளே வருவதும்தான் வேலை, அவர்களுக்கென்று ஒரு குறையும் இல்லை, ஒரு கோபமும் இல்லை. முடிவில் மறியல் நடக்கிற இடத்துக்கு அவனுடைய தாய் வந்து, எல்லோர் முன்னிலையிலும் மகனைக் குப்புறப் போட்டு அடிக்கிறாள். அவ்வளவுதான், எல்லோரும் சந்தோஷமாக வேலைக்குத் திரும்புகிறார்கள், வெளிநாட்டு ஆர்டர் முடிகிறது, படமும் முடிகிறது.

இதை எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்று பார். 1971 தொடக்கத்தில் தபால்காரர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றுப்போய்த் திரும்பினார்கள். பிப்ரவரியில், பிரதமர் எட்வர்ட் ஹீத் அரசாங்கம் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த தொழில் உறவுச் சட்டத்துக்கு எதிராக லண்டன் தெருக்களில் பெரும் கூட்டம் ஊர்வலம் போனது. ஆகஸ்டில் சட்டம் வந்தே விட்டது. படம் தியேட்டருக்கு வந்து சில வாரத்தில், 1972 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இறங்கி நாட்டையே இருட்டில் வைத்தார்கள். 'கேரி ஆன்' படங்களுக்குச் சனிக்கிழமை இரவு டிக்கெட் எடுத்து வந்தவர்கள் யார் என்று நினைக்கிறாய்? இந்தத் தபால்காரனும் சுரங்கக்காரனும் அவர்களுடைய வீட்டுக்காரிகளும்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் அவர்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி மேட்ரனையும் பட்டாள மேஜரையும் நக்கலடித்த ஆட்கள், திடீரென்று முதலாளியின் ஜன்னலுக்குள் போய் நின்றுகொண்டு அவர்களையே பார்த்துச் சிரித்தார்கள். போட்ட காசு திரும்பி வர 1976 ஆனது, அதுவும் வெளிநாட்டுக்கும் டிவிக்கும் விற்ற பிறகு. அடுத்த வருடமே பேசாமல் ஆஸ்பத்திரிக்கு, அதாவது 'மேட்ரன்' படத்துக்கு, ஓடிப்போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வரும். சிட் ஜேம்ஸுக்கும் கென்னத் வில்லியம்ஸுக்கும் ஒரு படத்துக்கு ஐயாயிரம் பவுன். ஜோன் சிம்ஸ் போன்ற பெண்களுக்கு அதில் பாதி. வருடம் வருடமாகப் படங்கள் ஓடுகின்றன, அந்தத் தொகை அசையவே இல்லை. பிறகு டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்களே, அதிலும் நடிகர்களுக்குப் பங்கு கிடையாது. உண்மையில் ஒரு விக் ஸ்பானர் தேவைப்பட்ட இடம் இந்தப் படங்களை எடுத்த பைன்வுட் ஸ்டூடியோதான்.

யூனியனைப் பகிடி பண்ணக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 1959இல் போல்டிங் சகோதரர்கள் 'ஐம் ஆல் ரைட் ஜாக்' எடுத்தார்கள், அதில் பீட்டர் செல்லர்ஸ் யூனியன் தலைவர் ஃப்ரெட் கைட்டாக வருவார். இந்த ஸ்பானரைவிட நூறு மடங்கு முரடு, விதிப் புத்தகம் இல்லாமல் மூச்சு விட மாட்டார். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு கனவு இருக்கிறது, ரஷ்யாவின் கோதுமை வயல்களும் மாலையில் பாலே நடனமுமாக அவர் தலைக்குள் ஒரு சொர்க்கம். வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டால் சமையலறையில் தவித்துப்போய் நிற்பார். முதலாளிமாரும் அந்தப் படத்தில் கள்ளர்கள்தான், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. படம் ஓடு ஓடென்று ஓடியது, யூனியன்காரரும் போய்ப் பார்த்தார்கள்.

சரி, மற்றப் பாதிக்கு வருகிறேன். வேலைநிறுத்தத்துக்கு நடுவில் தொழிற்சாலையின் வருடாந்தச் சுற்றுலா வந்துவிடுகிறது, கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு பஸ் பயணம். வேலைக்கு வராதவர்கள் அதற்கு மட்டும் ஒருவர் விடாமல் வந்து நிற்கிறார்கள். அந்த பஸ் கிளம்பியதும் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி படமே மாறிப்போகிறது. கடல், கடலுக்குள் நீண்டு போகிற பியர் மேடை, குடி, பாட்டு, முதலாளியும் ஆட்களும் ஒன்றாகத் தள்ளாடுவது. மூக்குத் தூக்கி முதலாளி வெறியில் தன் செக்ரட்டரியோடு காணாமல் போகிறார், பாட்சி ரோலண்ட்ஸ் நடித்த பாத்திரம், வருடக்கணக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள். கதை என்று ஒன்றும் நகர்வதில்லை, ஒரு வசனம்கூட நினைவில் நிற்காது, ஆனால் அந்த முகங்களில் இருக்கிற சந்தோஷம் நடிப்பு மாதிரித் தெரிவதில்லை. எழுதியவர் டால்பட் ரொத்வெல் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரரின் கைதி முகாமில் இருந்தவர், கூட இருந்த பீட்டர் பட்டர்வொர்த்தோடு சேர்ந்து அங்கேயே நாடகம் போட்டவர். அடைபட்டுக் கிடக்கிறவனுக்கு ஒருநாள் வெளியே போவது என்றால் என்னவென்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த இரவுக் காட்சி. சிட்டும், அடுத்த வீட்டுக்காரி க்ளோயியும், அதுதான் ஜோன் சிம்ஸ், பஸ்ஸால் இறங்கி வீட்டு வாசலுக்கு நடந்து வருகிறார்கள். படம் முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே வந்தவர்கள். அவளுடைய புருஷன் ஊர் ஊராகத் திரிகிற விற்பனைக்காரன், அன்றைக்கும் வீட்டில் இல்லை. உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறீரா என்று கேட்கிறாள். வேறு எந்த 'கேரி ஆன்' படத்திலும் சிட் ஜேம்ஸ் அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் உள்ளே போயிருப்பார். இங்கே நிற்கிறார். அயல் சனம் தப்பாக நினைக்கும் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், அவரவர் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார்கள். பகிடி இல்லை, பின்னால் கொட்டுமேளம் இல்லை. இரண்டு நடுவயது மனிதர்கள், நாளைக்குக் காலையில் அதே வேலை, அதே வீடு. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலைநிறுத்தக் காட்சிகளில் இதே ஆட்களைப் பொம்மைகளாக ஆட்டினவர்களுக்கு இதையும் எழுதத் தெரிந்திருக்கிறதே என்றுதான் ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் வேலை செய்த இடத்திலும் ஒரு யூனியன்காரர் இருந்தார், அயர்லாந்துக்காரர். தேத்தண்ணி இடைவேளையைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் முடிப்பார், ஒரு நிமிடம் முன்னால் எழும்பினால் எங்களைத்தான் பேசுவார். அவரைப் போல நடித்துக் காட்டி அறையில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. அதே மனிதர்தான், எனக்கு ஓவர்டைம் காசு குறைத்துப் போட்ட மாதம், ஆங்கிலம் சரியாக வராத என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஆபீசுக்குப் போய், காசு என் கையில் வரும்வரைக்கும் கதிரையை விட்டு எழும்பவில்லை. க்ரன்விக் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், 1976இல் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் லண்டன் வில்ஸ்டனில் அந்தப் போட்டோ கழுவுகிற தொழிற்சாலையிலிருந்து வெளியே நடந்தது, சேலை கட்டின பெண்கள் இரண்டு வருடம் வாசலில் நின்றது, கிரிக்கிள்வுட் தபால்காரர்கள் அந்தக் கம்பெனியின் கடிதங்களைத் தொட மாட்டோம் என்றது எல்லாம். அவரைப் பகிடி பண்ணினால் இரண்டையும் போட வேண்டும், கடிகாரத்தையும் போட வேண்டும், கதிரையையும் போட வேண்டும். கடிகாரத்தை மட்டும் போட்டால் அது விக் ஸ்பானர்.

உன்னுடைய பொருளாளரிடம் இப்போது கடிகாரம் மட்டும்தான் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறார், இரண்டு பவுனுக்கு அரைமணி நேரம் கத்துகிறார், ஆங்கிலத்தைப் பிழையாகப் பேசுகிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஆங்கிலப் பகிடியை முதலில் எடுத்துவிடு, அது லேசாக வருகிற கைதட்டல், முன்வரிசையில் இருக்கப்போகிற பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். அந்த இரண்டு பவுன் சண்டையை விடாதே, அது அருமை, இன்னும் நீட்டலாம். ஆனால் இரவு வேலை முடிந்து தூங்காமல் வான் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்ப் பூவும் வாழைப்பழமும் ஏற்றி வருகிறவரும் அவர்தானே, நீ சின்னப் பிள்ளையில் அந்த வானில் மாலைகளுக்கு நடுவில் இருந்து வந்திருக்கிறாய். அதை எங்கேயாவது வை. மற்றவர்கள் அவருக்காக இரக்கப்படுகிற மாதிரி வைக்காதே, அழுகை வேண்டாம், பூக்கணக்கிலும் அவர் இரண்டு பவுனுக்குச் சண்டை பிடிக்கட்டும்.

படத்தை முழுதாகப் பார், பாதியில் ஓட்டாதே. முதல் பாதியில் எந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு நின்றது என்று குறித்து வைத்துக்கொண்டு போனில் சொல்லு, என்னுடைய இடங்களோடு ஒத்துப்போகிறதா பார்ப்போம். கிளி வருகிற இடம் எல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும், அதில் அவளோடு வாதாடிப் பலனில்லை.

இரண்டாவது காட்சியை எழுதினதும் அனுப்பு. அதற்கு முன் பொருளாளரின் மீசையையும் அந்தப் பச்சை மஃப்ளரையும் மாற்று, இப்போதைக்கு அது யாரென்று கோயிலில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், நான் வெள்ளிக்கிழமை அந்த மனிதரிடம்தான் அர்ச்சனைச் சீட்டு வாங்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா