குணம் மாறும்போது மூளையையும் பரிசோதியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் முதுமை மறதி பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். சாவியை வைத்த இடம் மறப்பது, பேரப்பிள்ளைகளின் பெயர் தடுமாறுவது, பழகிய தெருவிலேயே வழி தவறுவது என்று அதிலே கூறப்பட்ட அறிகுறிகள் அனைத்தும் சரியானவையே. ஆனால் மூளையைத் தேயவைக்கும் நோய்கள் எல்லாமே மறதியில் தொடங்குவதில்லை. சில, மனிதரின் நடத்தையில் தொடங்குகின்றன. இதை அறியாமல் எங்கள் குடும்பம் மூன்று ஆண்டுகளை இழந்தது.

என் மூத்த அண்ணர் தனியார் நிறுவனமொன்றில் 28 ஆண்டுகள் கணக்காளராக இருந்தவர். பிறர் காசில் ஒரு தேநீர்கூடக் குடிக்கமாட்டார். அவருடைய 56ஆவது வயதில், நெருங்கிய உறவினரின் செத்தவீட்டில், பிரேதத்தின் அருகே நின்று உரத்துச் சிரித்துக் கதைத்தார். அண்ணி டெங்குக் காய்ச்சலோடு வைத்தியசாலையில் கிடந்த நாட்களில், இரவுச் சாப்பாட்டை யார் தருவது என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இனிப்பை விரும்பாதவர், கொழும்பின் காலி வீதியிலுள்ள கடைகளில் தொதலையும் மஸ்கெற்றையும் எடுத்துத் தின்றுகொண்டே காசு கொடுக்காமல் நடந்தார். நிறுவனம் ஒழுங்கீனம் என்று காரணம் காட்டி அவரை விலக்கியது.

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் நம்பி வளர்ந்தவர்கள். குணம் மாறாது என்ற அந்த நம்பிக்கையினாலேயே, மாறிய குணத்தை நோயாகப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு காலமும் நல்லவராக வேடமிட்டிருந்தார், இப்போதுதான் சுயரூபம் தெரிகிறது என்றே உறவினர் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவர் செய்வினை என்றார், நூல் கட்டினோம். ஒரு வைத்தியர் மன அழுத்தம் என்று தூக்க மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு இடங்களில் ஞாபகசக்திப் பரிசோதனை செய்தார்கள். இன்று என்ன திகதி, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அண்ணர் பிழையின்றிப் பதில் சொன்னார். குறையொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பரிசோதனைகள் சிங்களத்தில் நடந்தன. அண்ணரின் மகள் மொழிபெயர்த்தாள். தகப்பன் பொருத்தமின்றிச் சொன்னவற்றை, வெட்கத்தினாலோ பாசத்தினாலோ, அவள் திருத்திச் சொன்னாள் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி இத்தகைய பரிசோதனையை நடத்துவது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கொழும்பிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் உணரவேண்டும்.

கடைசியில் ஒரு நரம்பியல் நிபுணர், அண்ணரை வெளியே இருத்திவிட்டு, எங்களிடம் தனியாக ஒரு மணிநேரம் விசாரித்தார். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப்பட்டது. மூளையின் முன்மடல்கள் சுருங்கியிருந்தன. பிரண்டோடெம்போரல் டிமென்ஷியா, அதாவது மூளையின் முன்மடல்களும் பக்கமடல்களும் தேயும் நோய், என்பது அதன் பெயர். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவது. 1892இல் ஆர்னல்ட் பிக் என்ற வைத்தியர் இவ்வகை நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே இது புதிய நோயும் அல்ல.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை என்பதால் இதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். தட்டில் இனிப்பைக் கண்டால் எடுக்கவேண்டும் என்ற உந்துதல் எல்லோருக்கும் எழுகிறது. நெற்றிக்குப் பின்னாலும் கண்குழிகளுக்கு மேலாகவும் உள்ள மூளைப்பகுதி, இது யாருடைய கடை, எதிரே நிற்பவரின் முகம் என்ன சொல்கிறது, எடுத்தால் என்னவாகும் என்பவற்றை எடைபோட்டு நம் கையைப் பிடித்துவைக்கிறது. அப்பகுதி தேயும்போது அறிவு அழிவதில்லை. அறிவுக்கும் கைக்கும் இடையிலுள்ள பிடி தளர்கிறது. பிறர் பொருளை எடுப்பது சரியா என்று கேட்டால் அண்ணர் "பிழை" என்று உடனே சொல்வார். சொல்லும்போதே கை தட்டில் இருக்கும். தாம் மாறிவிட்டதாக அவர் உணர்வதுமில்லை. இத்தகைய நோயாளி தாமாக வைத்தியரை நாடுவது அரிது. அழைத்துச் செல்லவேண்டியவர்கள் வீட்டாரே.

மூளையின் முன்பகுதி கெட்டால் குணமே மாறக்கூடும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1848 செப்டெம்பர் 13ஆம் திகதி அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறை தகர்த்துக்கொண்டிருந்த பினியஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளரின் இடது கன்னத்தில் புகுந்த சுமார் ஆறு கிலோ எடையுள்ள இரும்புக்கோல், உச்சந்தலை வழியாக வெளியேறியது. உயிர் பிழைத்தார்; பேச்சும் நினைவும் இருந்தன. ஆனால் பொறுப்பும் பொறுமையும் போய்விட, இவர் பழைய கேஜ் அல்லர் என்று நண்பர்கள் கூறியதாக அவருக்குச் சிகிச்சையளித்த ஜோன் ஹார்லோ பதிவுசெய்தார். பலரும் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கேஜ் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டியோட்டியாக வேலை செய்தார் என்பதே எனக்கு ஆறுதல் தருவது. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த வேலை அவரை ஓரளவு மீட்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அண்ணரின் நோய் காயமல்ல; அது வளர்ந்துகொண்டே போவது. ஆயினும் விழிப்பதற்கும் நடைக்கும் உணவுக்கும் நேரம் வகுத்த பிறகு வீட்டில் சச்சரவு குறைந்திருக்கிறது. அண்ணி ஸ்கான் அறிக்கையோடு போய் அருகிலுள்ள கடைக்காரரிடம் விஷயத்தை விளக்கினார். அந்த நல்ல மனிதர், அண்ணர் எடுப்பதையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறார். மாத முடிவில் அண்ணி கணக்கைத் தீர்க்கிறார்.

அண்ணரின் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் இதே மாதிரி நடத்தையை மாற்றும் வேறு பல காரணங்களுக்குச் சிகிச்சை உண்டு. மூளையுறையில் மெல்ல வளரும் கட்டி, முதியவர் சிறிதாக விழுந்தபின் வாரக்கணக்கில் மண்டைக்குள் சேரும் இரத்தம், தைரொயிட் கோளாறு, விற்றமின் பி12 குறைபாடு ஆகியவை அவற்றுட் சில. 2007இல் விவரிக்கப்பட்ட ஒருவகை மூளை அழற்சியில், உடலின் எதிர்ப்புசக்தியே மூளையின் நரம்புக்கலங்களைத் தாக்குகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த இளம்பெண் திடீரெனப் பிதற்றுவாள், வெறித்துப் பார்ப்பாள், வலிப்பும் வரும். பேய் பிடித்தது என்று மாதக்கணக்கில் கழிப்புக் கழிக்கப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர், காலத்தோடு சிகிச்சை பெற்றிருந்தால் எழுந்து நடந்திருப்பார்களோ என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது. கோவிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோவிலுக்குப் போகும் அதே வாரத்தில் வைத்தியரிடமும் போகவேண்டும்.

அப்படியானால் குற்றம் செய்பவர் எல்லோரும் மூளையைக் காரணம் காட்டித் தப்பலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். நான் கூறுவது அதுவன்று. இளமை முதலே முரடராக இருந்தவரை விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் ஒருவிதமாக இருந்தவர், நடுவயதுக்குப் பின் தம் இயல்புக்கு நேர்மாறாக நடக்கத் தொடங்கி, அது மாதத்துக்கு மாதம் கூடிவந்தால், அவரை விசாரிக்குமுன் பரிசோதிக்கவேண்டும். வேலையிலிருந்து விலக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் எழுதக்கூடிய நரம்பியல் நிபுணர் ஒருவரைக் கொண்டு இவ்விடயம் குறித்து ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். நோயாளி பக்கத்தில் இல்லாதபோது வீட்டார் வைத்தியரிடம் எவற்றையெல்லாம் சொல்லவேண்டும் என்ற விவரத்தை, வெட்டி எடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோகக்கூடிய விதத்தில், அதிலே தனியாக அச்சிட்டால் பேருதவியாக இருக்கும். குடும்பத்தின் பொருட்டு என் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.