ஒபிற்றலைப் படம் பிடித்த கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

தமிழ்மொழி மூல உயர்தர இரசாயனவியல் நூல்களை ஆக்குவோருக்கு,

வணக்கம். ஹற்றனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அண்மையில் பலகையில் நைதரசன் மூலக்கூற்றின் ஒபிற்றலை, அதாவது இலத்திரன் எங்கே இருக்கக்கூடும் என்று காட்டும் வடிவத்தை, வரைந்துகொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இத யாராவது பார்த்திருக்காங்களா?"

"இல்லம்மா, அது கணக்கில் மட்டும் வருவது" என்றேன். அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னது பாதிதான் சரி. அன்றிலிருந்து அது மனதை உறுத்துகிறது.

2004 இல் கனடாவின் ஒட்டாவாவில் இத்தாத்தானி, கோர்க்கம், வில்னூவ் முதலானோர் இதே நைதரசனின் வெளி ஒபிற்றலைப் படமாக்கிக் காட்டினார்கள். முதலில் ஒரு லேசர் துடிப்பால் மூலக்கூறுகளை ஒரே திசைக்குத் திருப்பினார்கள். அப்புறம் வலுவான இன்னொரு துடிப்பு. அது ஓர் இலத்திரனைப் பிடுங்கி வெளியே இழுக்கும்; ஒளியின் மின்புலம் திசை மாறியதும் அதே இலத்திரன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, தான் விட்டுப்போன ஒபிற்றலோடு சேரும். போய்வர மூன்று பெம்ரோசெக்கன்கூட ஆகாது (ஒரு பெம்ரோசெக்கன் என்பது செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). சேரும்போது வெளிவரும் புறஊதா ஒளியில் அந்த ஒபிற்றலின் வடிவம் பதிந்திருக்கும். மூலக்கூற்றைப் பல கோணங்களில் திருப்பித் திருப்பி அந்த ஒளியை அளந்து, சீ.ரி. ஸ்கான் எடுப்பதுபோல ஒன்றுசேர்த்தார்கள். நேர், மறைக் குறிகளோடு நாம் பலகையில் வரையும் அதே உருவம் வந்தது.

திரும்பி வரும் இலத்திரன் சிதறியும் போகலாம். அந்தச் சிதறலும் ஒரு படம்தான். இதை விளக்க ஆய்வுகூடம் தேவையில்லை, குடை போதும். எங்கள் மழைக்குக் குடையில்லாத பிள்ளை ஏது? இரவில் குடையை விரித்து, துணி வழியே தூரத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விளக்கு சிலுவைபோலப் பல பொட்டுகளாகத் தெரியும். நூல்கள் நெருங்க நெருங்கப் பொட்டுகள் விலகும். பொட்டுகளை அளந்தால் நூலிடைவெளி கிடைக்கும். ஒளி அலை இப்படிச் சிறு இடைவெளிகளில் வளைந்து பரவுவதைத்தான் கோணல் (diffraction) என்கிறோம். இலத்திரனும் அலைபோல நடப்பதால், அதன் சிதறலிலிருந்து அணுக்களின் இடைவெளியை அளக்கலாம். 2012 இல் வெளியான ஆய்வொன்றில், ஒட்சிசன் மூலக்கூறு ஓர் இலத்திரனை இழந்து சுமார் 5 பெம்ரோசெக்கனுக்குள் அதன் பிணைப்பு நீளம் ஏறத்தாழ 0.01 நானோமீற்றர் மாறியதை இதே வழியில் அளந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். 2004 இன் படம் கமெராவில் நேரே விழுந்ததல்ல. அளந்த ஒளியிலிருந்து சில எடுகோள்களோடு கணித்துப் பெற்றது. பல இலத்திரன்கள் உள்ள மூலக்கூற்றில் ஒற்றை ஒபிற்றலைப் 'பார்த்தோம்' எனலாமா என்ற விவாதம் உண்டு. அந்த விவாதமும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். மனப்பாடம் செய்யும் படத்துக்குப் பின்னால் அளவீடும் சந்தேகமும் இருப்பதை ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை எப்படியும் தேடிக் கண்டுபிடிக்கும். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூலை விட்டால் வேறு வழி குறைவு.

பரீட்சைக்கு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். மூலக்கூற்று வடிவம் வரும் அலகின் முடிவில் தமிழில் ஒரு பக்கம், குடைப் பரிசோதனையோடு. எழுதித் தர நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
ஹற்றனிலிருந்து ஓர் இரசாயனவியல் ஆசிரியர்