பரணிலிருந்து இறங்கிய வீணை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா? "வரைவதற்கு நேரமே கிடைப்பதில்லை" என்று நீ எழுதியிருந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போன வருடம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், வீணை எட்டு வருடமாகப் பரணில் உறையோடு கிடந்தது.

ஆனால் எனக்கு நேரம் இருந்தது. இரவு எட்டரைக்கு மேல் தினமும் ஒரு மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன், உட்கார்ந்தபடியே தலைக்குள் ஓடும்: நாளை மறுநாள் காலை இட்லி என்றால் நாளை மதியம் அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும், உளுந்து டப்பாவில் எவ்வளவு மிச்சம், சிலிண்டர் மாற்றி எத்தனை நாள் ஆச்சு, கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி எது, மாமாவின் பிரஷர் மாத்திரை ஞாயிறு வரை வருமா, சின்னவளுக்குப் புதன்கிழமை வெள்ளை யூனிபார்மா. இதில் ஒன்றுகூடக் கையால் செய்கிற வேலை இல்லை பார். எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற வேலை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் அடுப்படியில் நின்ற நேரம் வரும், உளுந்தை நினைத்துக்கொண்டிருந்த நேரம் வராது. அலிசன் டேமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டுக்காகத் தலைக்குள் நடக்கிற இந்த வேலையை, என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசிப்பது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது என நான்காகப் பிரிக்கிறார். முடிவெடுக்கும்போது கணவனும் சேர்ந்துகொள்கிறான், முதலும் கடைசியும்தான் பெரும்பாலும் பெண் தலையில் விழுகிறது. எங்கள் வீடு அப்படியே அதில் இருந்தது. இவர் சோம்பேறி இல்லை, "என்ன வாங்கணும், சொல்லு" என்பார். அந்தச் சொல்வதுதான் எனக்கு பாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தலையில் இருந்ததையெல்லாம் எழுதினேன், நாற்பதுக்கு மேல் வந்தது. வேலையைப் பிரிக்காமல் விஷயத்தைப் பிரித்துக்கொண்டோம். சிலிண்டர், கரண்ட் பில், மாத்திரை மூன்றும் இவருடையது, ஞாபகம் வைத்திருப்பதும் சேர்த்து. முதல் முறை பில் தேதி தாண்டிப் போனது. எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை, இந்த முழு முயற்சியிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அது ஒன்றுதான். அபராதம் கட்டினார், அடுத்த முறை போனில் நினைவூட்டல் வைத்துக்கொண்டார். காலை டிபன் கிழமைக்கு ஒன்று என்று முடிவாகிவிட்டது, வியாழன் உப்புமாவுக்கு முணுமுணுப்பு உண்டு, இருக்கட்டும். சில வேலைகளை யாருக்கும் கொடுக்காமல் விட்டேவிட்டோம். வாரம் தவறாமல் அலமாரி அடுக்குவது நின்று ஆறு மாதமாகிறது, வீடு அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம்தான் வீணையை இறக்கினேன். தந்திக்குக் கீழே இருக்கும் மெட்டுக் கம்பிகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகி, மேல் ஸ்தாயி மெட்டுகள் நகர்ந்திருந்தன, 24 மெட்டையும் எடுத்துப் புது மெழுகு வைத்துச் சுருதி பார்த்து வாங்கி வர இரண்டு வாரம். மாயாமாளவகௌளை ராகத்தில், முதல் பாடமான சரளி வரிசையிலிருந்தே ஆரம்பித்தேன். முதல் பத்து நாள் இடது கை விரல் எரிந்தது, இப்போது பழைய இடத்திலேயே காய்ப்பு வந்துவிட்டது, அதைத் தடவிப் பார்க்கும்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இரவு நாற்பது நிமிடம் வாசிக்கிறேன். நடுவில் உளுந்து ஞாபகம் வருவதில்லை.

நீயும் ஒரு ஞாயிறு எழுதிப் பார். எழுதினதை எனக்கு அனுப்பு, எதையெல்லாம் அப்படியே விட்டுவிடலாம் என்று சேர்ந்து பார்ப்போம். ஹாஸ்டல் மொட்டைமாடியிலிருந்து நீ வரைந்த வேப்பமரப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன் செய்வதென்றால் ஒன்பதரைக்கு மேல் செய்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்