பிள்ளையை ஆர் பாக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் எங்கள் பெண்களைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரை குளிர், சாப்பாடு, தனிமை என்பவற்றோடு நின்றுவிட்டது.

என் மகள் விரிவுரையாளர். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இங்கிலாந்து போய் இரண்டாவது வருடம். அங்கே ஆய்வுகூட வகுப்பும் எடுக்கிறாள். குளிருக்கு ஒரு கோட்டு வாங்கினாள், அது முடிந்தது. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் படித்து உயர்தரப் பரீட்சை எழுதியவள். அவளைத் திணறடித்தது வேறு. மேற்பார்வைப் பேராசிரியை, "பெயர் சொல்லியே கூப்பிடு" என்றாராம். "மிஸ்" என்று பழகிய வாய். ஆறு மாதம் மின்னஞ்சல்களை விளிப்பே இல்லாமல் எழுதினாள். கருத்தரங்கில் மறுத்துப் பேசாமல் இருந்ததை அங்கே பணிவு என்று எடுக்கவில்லை, வாசிக்காமல் வந்திருக்கிறாள் என்றுதான் எடுத்தார்கள். முப்பது வருடம் "கதையாமல் கவனி" என்று வகுப்பில் அதட்டிய எனக்கும் அதில் பங்குண்டு.

கட்டுரை தொடாத ஆள் என் பேரன். நாலு வயது. 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுமாணிப் படிப்புக்குப் போகிறவர்கள் பிரித்தானியாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கலாநிதி ஆய்வுக்குப் போகிறவர்கள் கூட்டிப்போகலாம். சட்டம் விட்டாலும் காசு விடவேண்டுமே! சுகாதாரக் கட்டணம் மட்டுமே பிள்ளைக்கு ஆண்டுக்கு 776 பவுண், அதுவும் விசாக் காலம் முழுவதுக்கும் முன்கூட்டியே. புலமைப்பரிசிலோ ஓர் ஆளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. ஆகவே பேரன் கிளிநொச்சியில், எங்களோடு.

மாரியில் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். அவள் மாலை ஆறு மணிக்கு வேலை முடிக்க, இங்கே இரவு பதினொன்றரை, பிள்ளை நித்திரை. அதனால் தன் காலை ஏழு மணிக்கு, பஸ்சுக்கு நடந்தபடி எடுக்கிறாள். இங்கே பன்னிரண்டரை, சோறு தீத்தும் நேரம். நான் கவளத்தை நீட்ட, போனுக்குள் அவள் "ஆ" காட்டுகிறாள். பார்த்துக்கொண்டு அவனும் வாய் திறக்கிறான்.

கோயிலடியில் என்னைக் காண்கிறவர்கள், "பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போக மனம் வந்தது?" என்கிறார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பிள்ளைகளை விட்டுப் படிக்கப் போன விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாயிடம், "தம்பி எப்ப கலாநிதியாய் வாறார்?" என்றுதான் கேட்டார்கள். ஒரே ஒழுங்கை, ஒரே ஆட்கள்.

கட்டுரையாளர் இதையும் எழுத விரும்பினால் என்னோடு கதைக்கலாம். பகல் பன்னிரண்டரைக்கு மட்டும் எடுக்கவேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி.