யாழ்ப்பாணம் – காங்கேசன்துறைப் பாதையில் நீராவிப் புகையிரதச் சிறப்புப் பயணத்துக்கு அனுமதி கோரும் மனு

பொது முகாமையாளர்,
இலங்கைப் புகையிரதத் திணைக்களம்,
கொழும்பு 10.

(யாழ்ப்பாணப் புகையிரத நிலைய அதிபர் ஊடாக)

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புகையிரத ஆர்வலர்களாகிய நாங்கள், திணைக்களம் பேணிவரும் நீராவி எஞ்சின்களில் ஒன்றை எங்கள் செலவில் வாடகைக்கு அமர்த்தி, வரும் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரை பயணிகள் பெட்டிகளுடன் ஓட்டுவதற்கும், அங்கு இறங்கிப் பழைய சீமெந்துத் தொழிற்சாலைக்குப் பிரிந்து சென்ற சரக்குப் பாதையின் தடத்தை உத்தியோகத்தர்களின் மேற்பார்வையில் நடந்து பார்ப்பதற்கும் அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

வடபகுதிப் புகையிரதத்தின் தொடக்கமே காங்கேசன்துறைதான். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி, 1905 ஓகஸ்டில்தான் தெற்கிலிருந்து வந்த பாதையோடு இணைந்து கொழும்பு வரை சென்றது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், குடாநாட்டின் சுண்ணக்கல்லை நம்பி எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, இந்தப் பாதைக்குப் புதியதொரு வேலை கிடைத்தது. சுண்ணக்கல் அருகிலேயே வெட்டப்பட்டது. களிமண்ணோ மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வர வேண்டியிருந்தது. மதவாச்சி வரை போய், அங்கிருந்து வடக்கே திரும்பி, ஆனையிறவைக் கடந்து வந்த அந்த மண்வண்டிகளும், திரும்பும்போது சீமெந்து மூட்டைகளுடன் தெற்கே போன வண்டிகளும்தான் இப்பகுதியின் கைத்தொழிலைத் தாங்கி நின்றன. தொழிற்சாலையின் முதல் ஆண்டுகளில் அவற்றை இழுத்தவை நீராவி எஞ்சின்களே. 1956இல் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே யாழ்தேவி கடுகதிப் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியதைப் பற்றி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். சரக்கு வண்டிகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே என்பது எங்களுக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

1990 ஜூனில் போரினால் சேவை நின்றது. தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகளும் காவலரண்களுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் திரும்பி வந்தபோது மக்கள் நிலையங்களில் திரண்டு நின்றதைத் தாங்கள் அறிவீர்கள். ஆனால், பயணிகள் பாதை உயிர் பெற்றதுபோல் சீமெந்துத் தொழிற்சாலை மீளவில்லை. அதற்குச் சென்ற சரக்குப் பாதையைக் கண்ணால் கண்டு, அதில் வேலை செய்தவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். எந்த இடத்தில் முள் மாற்றி வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பினார்கள், வெற்று வண்டிகளை எங்கே நிறுத்தினார்கள், மண்ணை எப்படி இறக்கினார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவர்களை அந்த வண்டியில் முதற் பயணிகளாக ஏற்றி, தடத்தருகே நிறுத்தி, அவர்கள் சொல்வதைக் குரற்பதிவாகவும் வரைபடமாகவும் பதிந்து, ஒரு பிரதியைக் கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகத்துக்கு ஒப்படைப்பதே இப்பயணத்தின் முதன்மை நோக்கம். வேடிக்கை பார்க்கும் உலாவாக மட்டும் இதனைக் கருத வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

கைத்தொழிற் பாதைகளில் ஆர்வலர்கள் பழைய எஞ்சின்களை ஓட்டுவது உலகில் புதிதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நிலக்கரி ஏற்றுவதற்கென 1758இல் சட்டம் பெற்ற மிடில்டன் பாதையை 1960 முதல் தொண்டர்களே நடத்தி வருகிறார்கள். பெரம்பூர்ப் பணிமனையில் சீராக்கப்பட்ட, 1855ஆம் ஆண்டைச் சேர்ந்த ஈ.ஐ.ஆர். (கிழக்கிந்தியப் புகையிரதம்) 21 என்ற நீராவி எஞ்சினைச் சென்னையில் சிறப்பு நாட்களில் ஓட்டியிருக்கிறார்கள். அந்த எஞ்சின் ஓடுவதும் எங்கள் பாதையைப் போன்ற 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையிலேயே. நமது நாட்டிலும் ‘வைஸ்ரோய் ஸ்பெஷல்’ நீராவி வண்டியைத் திணைக்களம் வாடகைக்கு ஓட்டிக் காட்டியுள்ளது. அருவாக்காட்டிலிருந்து புத்தளம் சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் ஏற்றும் பாதை, கைத்தொழிலும் புகையிரதமும் எப்படி இணைந்து இயங்கின என்பதற்குத் தெற்கில் உள்ள சான்று. வடக்கில் இதை எடுத்துக்காட்ட எங்களுக்கு எஞ்சியிருப்பது காங்கேசன்துறை மட்டுமே.

நடைமுறைச் சிக்கல்களை நாங்கள் எண்ணிப் பார்க்காமல் இல்லை. அவற்றுள் பெரியது தண்ணீர். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல் படையினூடாக வருவதால் கடினத்தன்மை மிகுந்தது. அதனைக் கொதிகலனில் ஊற்றினால் குழாய்களின் மேல் உப்புப் படிந்து, வெப்பம் நீருக்குச் செல்வது தடைப்பட்டு, உலோகமே பழுதாகும். ஆகையால் கொதிகலனுக்கு உள்ளூர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தாமல், கொழும்பு தெமட்டகொட எஞ்சின் கொட்டகைப் பொறியியலாளர்கள் ஏற்கும் மென்னீரைத் தாங்கி வண்டியில் கொண்டுவரும் செலவை நாங்கள் ஏற்கிறோம். எஞ்சினை நீராவியில் இவ்வளவு தூரம் ஓட்டி வராமல், சரக்கு வண்டியோடு இணைத்து மெதுவாக யாழ்ப்பாணம் வரை இழுத்து வந்து, முந்திய இரவு இங்கே கொளுத்தி நீராவி ஏற்றலாம். வண்டியின் மறுமுனையில் டீசல் எஞ்சின் ஒன்றை இணைத்தால் திரும்பும் பயணத்துக்கும், வழியில் கோளாறு நேர்ந்தால் துணைக்கும் உதவும். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் ஆகிய இடங்களில் வேடிக்கை பார்ப்போர் தண்டவாளத்துக்குள் இறங்குவார்கள் என்பது எங்கள் உண்மையான கவலை; ஆதலால் கடவைகளில் பொலிசாருடன் சேர்ந்து நிற்கத் தொண்டர்களைத் தருவோம்.

சீமெந்துத் தொழிற்சாலை வளாகத்துக்குள் செல்ல மற்றைய அதிகாரிகளின் இசைவும் தேவைப்படும். அதை நாங்களே தனியாக விண்ணப்பித்துப் பெறுவோம். திணைக்களம் ஒரு பரிந்துரைக் கடிதம் தந்தால் போதும்.

எனவே, வாடகைக் கட்டணம், காப்புறுதி, பணியாளர் படி ஆகியவற்றின் மதிப்பீட்டை எங்களுக்கு எழுத்தில் அறியத்தருமாறும், நிலைய அதிபர், பாதைப் பகுதிப் பொறியியலாளர், எங்கள் பிரதிநிதிகள் ஆகியோர் சேர்ந்து சரக்குப் பாதையின் தடத்தைப் பார்வையிட ஒரு நாளைக் குறித்துத் தருமாறும், அதுவரை அத்தடத்தில் எஞ்சியிருக்கும் தண்டவாளத் துண்டுகள், முள் அமைப்புகள் எதுவாயினும் பழைய இரும்பாக அகற்றப்படாமல் இருக்க உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம். இம்மூன்றில் கடைசியானது மிக அவசரமானது. எஞ்சின் அடுத்த ஆண்டும் வரலாம், அகற்றப்பட்ட இரும்பு திரும்பி வராது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
யாழ்ப்பாணப் புகையிரத ஆர்வலர்கள் சார்பாக

பிரதி: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம்.